மூன்றாம் எண்ணின் கழுத்து

“ஆசானே, மூன்றாம் எண் உதைக்க மாட்டேங்குது.”

ஆசான் பழம்பொரியைக் கடித்துக்கொண்டே திரும்பினார்.

“கால்ல கோளாறா?”

“கால் நல்லாத்தான் இருக்கு. பந்துகிட்ட போகுது. நிக்குது. தலையைத் தூக்கி கோலைப் பாக்குது. அப்புறம் இடது பக்கம் பாக்குது. வலது பக்கம் பாக்குது. திரும்பவும் இடது. அவ்வளவுதான். எதிராளி வந்து பந்தைக் கொண்டுட்டுப் போறான். அப்பவும் இது பாத்துட்டே நிக்குது.”

“என்ன தேடுது?”

“கோலை.”

“கோல் அங்கதான இருக்கு?”

“இருக்கு.”

“அப்போ கோலைத் தேடல.”

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

தாணுலிங்கம் ரோபோவை இடுப்பில் இடுக்கியபடி அங்கேயே நின்றார். முழங்கால் உயரம்தான் இருக்கும் அது. வெள்ளை உடம்பு. முதுகில் கறுப்பு மையில் 3 என்று எழுதியிருந்தது.

ஆசான் என்றதும் தாடி வைத்த ஆளை நினைக்க வேண்டாம். பெயர் ஜெபராணி. நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ரோபோக்களுக்குப் பந்தாட்டம் பழக்குகிற பேராசிரியை. தாணுலிங்கத்தைவிட நன்றாகவே இளையவர். அந்தப் பக்கத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவரைத்தான் ஆசான் என்பார்கள். பிள்ளைகள் கேலிக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி தேய்ந்துவிட்டது. பெயர் நின்றுவிட்டது.

தாணுலிங்கம் டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு, தலை நரைத்த பிறகு ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். அவருக்கும் ஜெபராணி ஆசான்தான்.

*

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். ரோபோ ஒவ்வொன்றையும் ஒருவர் வளர்க்க வேண்டும். நடையும் அவர் பழக்கியது, கண்ணும் அவர் பழக்கியது.

“எல்லாத்துக்கும் ஒரே கண்ணைக் குடுத்தா வேலை குறையுமே” என்று ஒரு தடவை கேட்டார்கள்.

“எல்லாம் ஒரே குழியில விழும்” என்றார் ஆசான்.

கண் பழக்குவது என்றால் படம் காட்டுவது. ரோபோவைத் திடலின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து, அதன் கேமராவிலேயே படம் எடுத்து, இது கோல், இது கோல் என்று ஆயிரக்கணக்கில் காட்டிக்கொண்டே இருப்பது. கோல் என்று எதைச் சொல்கிறோம் என்பதை அதுவாகவே பிடித்துக்கொள்ளும். எதைப் பிடித்துக்கொண்டது என்று நம்மிடம் சொல்லாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. போட்டிக்குப் போகாத ரோபோ, போகிற ரோபோவுக்கு உறுப்பு கொடுக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் போட்டி. அவர்களுடைய முதல் வெளியூர்ப் போட்டி. ஐந்தாம் எண்ணுக்கு முட்டி போய்விட்டது. அதை வளர்த்தவன் ஷாஜி. அவன் கண் மூன்றாம் எண்ணின் முட்டிமேல் இருந்தது.

“அண்ணாச்சி, கொக்கு மீனு புடிச்சா?” என்று கேட்பான்.

பையன்கள் மூன்றாம் எண்ணுக்கு வைத்த பெயர் கொக்கு. அப்படியே நின்று கழுத்தை மட்டும் திருப்புவதால் வந்த பெயர்.

“பிடிக்கும்லே. உனக்கு என்ன அவசரம்?”

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. என் பையன்தான் நொண்டிட்டுக் கிடக்கான்.”

சொல்லிவிட்டு ஷாஜி பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். மூன்றாம் எண்ணைத் தாணுலிங்கம் தனியாக வளர்க்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

*

தாணுலிங்கத்தின் மனைவி பகவதி, கணக்கு டீச்சர். பள்ளி விட்டதும் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்துவிடுவாள். புருஷனும் தானுமாகச் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்தாள். வந்த இடத்தில் வேலை மாட்டிக்கொண்டது.

கோலுக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. பந்து வலைக்கு மேலாகவோ ஓரமாகவோ போனால் நேரே அதன் அடிக்குள் போய்விடும். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் எல்லாம் தரையில் குப்புறப் படுத்து ஒட்டடைக்கம்பை விட்டு நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

“இதுக்காகவா அப்பா அம்மா படிக்க வச்சா?” என்று கேட்டுவிட்டுப் போய் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் இடம் அது. மோட்டார் சூடாகக் கூடாது என்று ஏசியை இறக்கி வைத்திருப்பார்கள். அவளுக்குக் குளிர் ஆகாது. சேலைக்கு மேல் ஒரு மாம்பழ மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வாள். வருகிற பந்தைச் செருப்புக் காலால் தடுத்துத் திருப்பி உருட்டுவாள். ஒரு கையில் மரச்சீனி சிப்ஸ் பொட்டலம்.

“மக்ளே, இங்க பாரு. இங்க. அடி.”

மூன்றாம் எண் அடிக்கும்.

“பாத்தியளா? நீங்க சொன்னா கேக்காது. நான் சொன்னா கேக்கும்.”

“அதுக்குக் காதே கிடையாது பகவதி.”

“அதனாலதான் நல்லா வளந்திருக்கு.”

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவள் ஆம்புலன்சில் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். விடைத்தாள் திருத்தாமல் கிடக்கிறது என்றாள். திரும்பி வரவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து தாணுலிங்கம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது மூன்றாம் எண் பெட்டியில் கிடந்தது. தூசி தட்டி, சார்ஜ் ஏற்றித் திடலில் நிறுத்தினார்.

எழுந்தது. நடந்தது. பந்துகிட்ட போனது.

உதைக்கவில்லை.

*

ஆசான் சொன்னது அவர் காதிலேயே இருந்தது. அப்போ கோலைத் தேடல.

ரோபோவின் கண் படத்தில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ‘கோல்’ என்று முடிவு செய்தது என்பதைக் கணினியில் பார்க்கலாம். அந்த இடம் சிவப்பாகத் தெரியும். தாணுலிங்கம் பழைய படங்களை எடுத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்.

கோல் கம்பம் இரண்டும் நிறமில்லாமல் கிடந்தன. வலையும் அப்படியே.

வலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். அதன்மேல் சிவப்பு.

அடுத்த படம். அதிலும் ஸ்வெட்டர். அடுத்தது. அடுத்தது.

எல்லாப் படத்திலும் அவள் நின்றாள். படம் எடுக்கும்போது அவளை நகரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கோல் அங்கே இருப்பதும் அவள் அங்கே நிற்பதும் எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டிருந்தது. ரோபோவுக்கும்.

தாணுலிங்கம் சிரித்துவிட்டார். அடுத்த மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

*

“பகவதியைத் தேடுது, ஆசானே.”

ஆசான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு படம், இன்னொரு படம்.

“முகமே காணல்லியே.”

“அதோட கண்ணு முழங்கால் உயரத்துலதான இருக்கு. சேலைக் கொசுவமும் ஸ்வெட்டரும்தான் விழும். முகம் ஒரு படத்துலயும் முழுசா இல்ல. தாடை வரைக்கும் ஒண்ணு ரெண்டுல இருக்கு.”

“எல்லாத்தையும் பாத்தாச்சா?”

“எல்லாத்தையும்.”

ஆசான் திரையை அணைத்தார்.

“ஆசானே, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“இதை இப்படியே விட்டுடுவோமா? ஆடாட்டா போகுது. போட்டிக்கு வேற ஆளைக் கொண்டுபோங்க. இது பாட்டுக்கு ஒரு மூலையில நின்னு தேடட்டும். வீட்டுல அவ துணியெல்லாம் அவ தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டா. பேரைச் சொல்லக்கூட எல்லாரும் பயப்படுறாங்க. இது ஒண்ணுதான் தேடுது.”

ஆசான் எழுந்து வந்தார். திடல் ஓரத்தில் மூன்றாம் எண் நின்றுகொண்டிருந்தது. இடது. வலது. இடது.

ஆசான் தாணுலிங்கத்தின் கையைப் பிடித்து ரோபோவின் கழுத்தில் வைத்தார்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது.

“எத்தனை கழுத்து மாத்தினீங்க?”

தாணுலிங்கம் மேசைப் பக்கம் பார்த்தார். எரிந்துபோன கழுத்து மோட்டார்களை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த டப்பாவை ஆசான் பார்த்திருந்தார்.

“தேடத் தெரியுது. நிறுத்தத் தெரியல. மத்த நாலும் கொஞ்ச நேரம் தேடிட்டு விட்டுட்டுத் திரும்பி நடக்குமே. இதுக்கு மட்டும் எதுக்கு அந்தக் கட்டளையை எழுதல?”

“இதுக்கு எழுதினதே நான்தான்.”

“அதான் கேக்குறேன்.”

“அப்போ எல்லாம் தலையைத் தூக்கினா அவ அங்க நிப்பா ஆசானே. நிறுத்த வேண்டிய தேவையே வரல.”

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. யாரோ ஜன்னலுக்கு வெளியே வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

“ரெண்டு வழிதான் இருக்கு” என்றார் ஆசான். “கண்ணை மாத்திப் பழக்கணும். இல்லேன்னா ஷாஜிக்கு முட்டியைக் கழட்டிக் குடுத்துடணும்.”

“ரெண்டு வழியிலயும் அவ போயிடுவா.”

ஆசான் மறுக்கவில்லை.

“பழைய கண்ணை எடுத்துத் தனியா வச்சுக்கிடட்டா?”

“வச்சுக்கிடுங்க. எதுல போடுவீங்க?”

தாணுலிங்கம் சுட்ட விரலைத் தடவிக்கொண்டார்.

“புதுசா படம் எடுத்துட்டு வாங்க” என்றார் ஆசான். “கோலை மட்டும்.”

*

“நான் கூட வரட்டா அண்ணாச்சி?” என்று ஷாஜி கேட்டான்.

“வேண்டாம்லே. நான் பாத்துக்கிடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியில் ஆள் இல்லை. தாணுலிங்கம் ஆய்வுக்கூடத்துக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் ஒரு தடவை வந்து தட்டி, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மனுஷன் ஏதோ அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருக்கிறார் என்று போய்விட்டார்.

புதுப் படங்களைக் காட்டிப் புதுக் கண் பழக்கினார்.

மூன்றாம் எண் உதைத்தது.

பந்துகிட்ட போனது, தலையைத் தூக்கியது, பார்த்தது, உதைத்தது. கழுத்து அங்கே இங்கே திரும்பவில்லை. தாணுலிங்கம் கோலுக்குப் பின்னால் நின்று பந்தைக் காலால் தடுத்துத் திருப்பி உருட்டினார். திரும்பவும் உதைத்தது.

“கொக்கு மீனு புடிச்சிட்டுடே” என்று ஷாஜி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவனுக்கு முட்டி கைவிட்டுப் போன வருத்தம்கூட அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

தாணுலிங்கம் சிரித்துக்கொண்டு நின்றார். நல்ல உயரமான மனிதர். பீரோவை மறைத்துக்கொண்டு நின்றார்.

ஆசான் வாசலில் நின்று பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார்.

*

திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் அணி கோயம்புத்தூர்ப் போட்டிக்கு முன் இங்கே வந்தது. ஒரு பயிற்சி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆட்டம் என்றால் விதி உண்டு. கோலுக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. வளர்த்தவர்கள் பக்கக்கோட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்.

தாணுலிங்கம் இடது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

விசில் ஊதியது.

ரோபோக்கள் தட்டுத்தடுமாறி நடந்தன. ஒன்று விழுந்தது. அதன்மேல் தடுக்கி இன்னொன்று விழுந்தது. இரண்டும் கையை ஊன்றி எழுந்தன. எழுந்த உடனே திரும்பவும் விழுந்தன. இரண்டு கல்லூரிக்காரர்களும் சிரித்தார்கள்.

மூன்றாம் எண் விழவில்லை. பந்து அதன் காலடிக்கு வந்தது. கோல் எதிரே திறந்து கிடந்தது. எதிரணிக் காவல் ரோபோ மல்லாந்து கிடந்தது.

மூன்றாம் எண் தலையைத் தூக்கியது.

கோலைப் பார்த்தது. வலது பக்கம் திரும்பியது. இடது பக்கம் திரும்பியது.

“அடி மக்ளே” என்றார் தாணுலிங்கம், தனக்குள்ளே.

கழுத்து இன்னும் இடது பக்கம் திரும்பியது. கம்பத்தைத் தாண்டியது. கோட்டைத் தாண்டியது. ஸ்டூலுக்கு வந்தது. நின்றது.

பிறகு அது சின்னச் சின்ன அடி வைத்து உடம்பையும் திருப்பியது.

உதைத்தது.

பந்து நேரே உருண்டு வந்து தாணுலிங்கத்தின் காலில் முட்டியது. அவர் அதைச் செருப்புக் காலால் தடுத்தார்.

ஆய்வுக்கூடமே சிரித்தது.

“அண்ணனுக்கு பாஸ் கொடுக்குதே” என்றான் திருவனந்தபுரத்துப் பையன். “அண்ணனும் டீமிலே உண்டோ?”

மூன்றாம் எண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். தாணுலிங்கம். ஆசான். முட்டியைக் கழற்றச் சட்டைப்பையில் திருப்புளியை வைத்திருந்த ஷாஜி.

*

திருவனந்தபுரத்துக்காரர்கள் போன பிறகு ஆசான் கேட்டார்.

“கோலை மட்டும்தான கேட்டேன்?”

“பந்து பீரோவுக்கு அடியில போயிடுது ஆசானே. யாராவது நிக்கணும்ல.”

“படம் எடுக்குறதுக்குப் பந்து எதுக்கு?”

தாணுலிங்கம் தரையைப் பார்த்தார்.

“ரோபோவை ஒரு இடத்துல வச்சுட்டு, நடந்து போய் அங்க நின்னு, படம் எடுத்ததும் திரும்ப வந்து, இன்னொரு இடத்துல வச்சுட்டு, திரும்பவும் போய் நின்னீங்க.”

“ஆமா.”

“ஒவ்வொரு தடவையும்.”

“ஆமா.”

“அண்ணாச்சி.”

“அந்த இடத்தைச் சும்மா விட்டுட்டு என்னால பாக்க முடியல ஆசானே.”

ஷாஜி கொஞ்ச தூரத்தில் நின்றான். மூன்றாம் எண்ணின் பக்கம் அவன் போகவில்லை. போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது என்று நின்றான். கோயம்புத்தூர் பஸ் ஏற அதிக நாள் இல்லை.

“நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறு” என்று ஆசான் அவனிடம் சொன்னார்.

*

மறுநாள் ஆசான் பிள்ளைகளை எல்லாம் டீ குடிக்க அனுப்பினார்.

“படுங்க அண்ணாச்சி.”

“எங்க?”

“இங்கதான். அது பக்கத்துல.”

தாணுலிங்கம் பச்சை விரிப்பில் குப்புறப் படுத்தார். முட்டி சொடுக்கியது. மோவாயைக் கைமேல் வைத்துக்கொண்டார். பக்கத்தில் மூன்றாம் எண் நின்றது. இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன.

ஆசான் படம் எடுக்கிற ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய் நின்றார்.

“அது பாக்குறதை நீங்களும் பாருங்க. இங்க யாரு நிக்கான்னு சொல்லுங்க.”

“நீங்க.”

“முகம் தெரியுதா?”

“இல்ல. சுடிதாரு தெரியுது. செருப்பு தெரியுது.”

“செரி.”

ஆசான் நகர்ந்தார். சுவரோரமாகச் சுற்றி வந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“இப்போ யாரு நிக்கா?”

தாணுலிங்கம் பார்த்தார்.

“பீரோ.”

“யாருன்னு கேட்டேன்.”

“வலை. அதுல ஒரு கண்ணி அறுந்திருக்கு.”

ஆசான் பொத்தானை அழுத்தவில்லை.

“பீரோவுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. பாதி கிழிஞ்சிருக்கு.”

ஆசான் காத்திருந்தார்.

மூன்றாம் எண்ணின் கழுத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் படுத்து அவர் அதைக் கேட்டதில்லை.

“யாரு நிக்கா அண்ணாச்சி?”

“யாரும் இல்ல.”

கிளிக்.

“அடுத்த இடம்.”

அவர் எழுந்தார். மூன்றாம் எண்ணைத் தூக்கி நடுக்கோட்டில் வைத்தார். அதன் பக்கத்தில் படுத்தார்.

“யாரு நிக்கா?”

“யாரும் இல்ல.”

கிளிக்.

மூலையில் வைத்தார். படுத்தார்.

“யாரு?”

“யாரும் இல்ல.”

வெளியே மேகம் ஏறியது. ஜன்னல் வெளிச்சம் மங்கியது. திரும்பவும் முதல் இடத்தில் வைக்கச் சொன்னார் ஆசான். வெளிச்சம் மாறினால் படமும் மாறும். வைத்தார். படுத்தார். சட்டை முன்பக்கம் எல்லாம் பச்சைத் தூசு.

“யாரு நிக்கா?”

“பகவதி.”

ஆசான் அழுத்தவில்லை.

மழை பிடித்தது. ஜன்னல் தகரத்தில் சத்தம் கனமாக விழுந்தது. டீ குடிக்கப் போன பிள்ளைகள் நனைந்து ஓடிவந்து வாசலில் நின்றார்கள். அண்ணாச்சியும் மூன்றாம் எண்ணும் கோலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு யாரும் உள்ளே வரவில்லை. ஷாஜி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

தாணுலிங்கம் கையைப் பல்லால் கவ்விக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

“யாரும் இல்ல.”

கிளிக்.

“அடுத்த இடம்” என்றார் ஆசான்.

மழை விட்டது. விளக்குப் போட்டார்கள். விளக்கு வெளிச்சத்திலும் எடுக்க வேண்டும் என்றார் ஆசான். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டவர், ஒரு கட்டத்துக்குப் பிறகு கேட்பதை விட்டார். தாணுலிங்கம் தானாகவே ரோபோவை வைத்தார், தானாகவே படுத்தார், பார்த்தார், சொன்னார். சொல் தேய்ந்துகொண்டே வந்து கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

*

கண் பழகி முடிய மறுநாள் மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் என்று சொன்ன கெடு தாண்டிவிட்டது. ஷாஜி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் திருப்புளியோடு வந்து நின்றான்.

ஆசான் பந்தைத் திடலின் நடுவில் வைத்தார். எல்லாரையும் தனக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். கோலுக்குப் பின்னால் பீரோ மட்டும் இருந்தது.

மூன்றாம் எண் எழுந்தது. நடந்தது. பந்துகிட்ட போய் நின்றது.

தலையைத் தூக்கியது.

தாணுலிங்கம் அது இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைத்தாரா, திரும்பக் கூடாது என்று நினைத்தாரா, அவருக்கே தெரியவில்லை.

திரும்பவில்லை.

உதைத்தது.

பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. வலையில் அறுந்திருந்த கண்ணி வழியாக நுழைந்தது. தடுக்க ஆள் இல்லை. பீரோவுக்கு அடியில் போய், அதற்கும் பின்னால், எங்கேயோ சுவரில் மோதியது. டப்பென்று ஒரு சத்தம்.

யாரும் கைதட்டவில்லை. ஷாஜி திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தாணுலிங்கம் போய் மூன்றாம் எண்ணின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அதன் கழுத்தில் கைவைத்தார். குளிர்ந்திருந்தது.

கையை எடுக்கவில்லை.

“ஆசானே.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இனி அவளைத் தேடாது, இல்லியா?”

ஆசான் அவரைப் பார்த்தார். மூன்றாம் எண்ணைப் பார்த்தார்.

“பந்து பீரோவுக்கு அடியில போயிட்டு” என்றார். “போய் எடுத்துட்டு வாங்க.”

தாணுலிங்கம் எழுந்தார்.

பீரோவுக்குப் போக வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். அவர் கோல் வரைக்கும் போனார். நின்றார்.

தாண்டினார்.

தரையில் குப்புறப் படுத்து, பீரோவுக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஒட்டடையும் தூசியும் கையில் வந்தன. அதற்குப் பிறகு பந்து வந்தது.

படுத்தபடியே திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் எண் அவர் பக்கம் தலையைத் திருப்பியிருக்கவில்லை. திடலின் நடுவில், பந்து வைக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தபடி காத்திருந்தது.